இங்கே ஹாயிம் என்று யாரும் இல்லை

கடைப் பலகையிலிருந்த என் புருஷன் பெயரை வெள்ளைப் பெயிண்ட் அடித்து மறைக்கச் சொன்னவள் நான்தான். 'ஃப்ராஜி ஃப்ரிகசே' என்று, ஒஃபாக்கிம் ஊர்ச் சந்தைக்குள் நுழையும்போதே கண்ணில் படும் பலகை அது. ஃப்ரிகசே என்றால் பொரித்துத் திணித்த ரொட்டி. பெயிண்டர் ஏணியில் நின்றுகொண்டு, கடையை விற்றுவிட்டீர்களா அக்கா என்று கேட்டான். கடை அங்கேயேதான் இருக்கிறது, நீ உன் வேலையைப் பார் என்றேன். அவன் 'ஃப்ராஜி'யை மூடிவிட்டு 'ஃப்ரிகசே'யை மட்டும் விட்டு வைத்தான். இன்றைக்கும் அந்தப் பலகையில் பாதி வெள்ளையாகத்தான் இருக்கிறது.

மரண தூதன் கையில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு வருகிறான். அந்தப் பெயரில் ஆள் இல்லை என்றால் என்ன செய்வான், திரும்பிப் போக வேண்டியதுதான். எங்கள் ஜெர்பா யூதர்களில் இது தெரியாதவர் கிடையாது. டியூனிசியாவிலிருந்து மூட்டை கட்டி இஸ்ரேலுக்கு வந்தபோது பித்தளைப் பாத்திரங்களோடு இதையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு வந்தோம். உயிருக்கு ஆபத்து என்று வந்தால், ஜெபக்கூடத்தில் பத்து ஆண்களைக் கூட்டி, படுத்திருப்பவனுக்கு வேறு பெயர் வைத்துவிடுவோம்.

ஃப்ராஜிக்குச் சிறுநீரகம் போய் டயாலிசிஸ் ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரத்தத்தில் கிருமி ஏறி நினைவு தப்பிவிட்டது. ஹைஃபாவில் இருக்கும் மகளை வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மெய்தலுக்குப் போன் செய்துவிட்டு நேரே ஜெபக்கூடத்துக்கு ஓடினேன். காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு. எங்கள் மதகுரு ரப்பி ஷுஷான் ஆட்களைக் கூட்டினார். இனி இவன் பெயர் ஃப்ராஜி இல்லை, ஹாயிம். ஃப்ராஜியின் மேல் ஏதாவது தீர்ப்பு எழுதியிருந்தால் அது ஹாயிமைத் தொடாது. ஹாயிம் என்றால் உயிர். அந்த வாரமே அவன் கண்ணைத் திறந்தான். புது மருந்து வேலை செய்கிறது என்றார் டாக்டர். மருந்து அதன் வேலையைச் செய்யட்டும், நான் வேண்டாமென்றா சொன்னேன்? யார் காப்பாற்றினார்கள் என்று எனக்குத் தெரியும்.

குழாயையெல்லாம் எடுத்து அவனுக்குப் பேச்சு வந்ததும் முதல் வேலையாக இந்தச் செய்தியைச் சொன்னேன். 

"அப்பாடா," என்றான். "அப்போ ஊசியெல்லாம் இனிமே ஹாயிமுக்குப் போடுங்க. ஃப்ராஜி வீட்டுக்குப் போறான்."

நர்சுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு விளையாட்டே கிடையாது. மெய்தல் அப்பாவிடம் பேசினாலும் அந்தப் பழைய பெயர் வரக்கூடாது. சந்தையில் யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அங்கேயே நிறுத்தி வைத்துத் திட்டிவிட்டுத்தான் நகர்வேன். டயாலிசிஸ் மையத்தில் அடையாள அட்டையைப் பார்த்து ஃப்ராஜி என்று கூப்பிட்ட நர்ஸ் நஸ்ரீனிடம், அந்த ஆள் இங்கே வரவில்லை, ஹாயிம்தான் வந்திருக்கிறான் என்றேன். அவளும் நல்ல பெண், ஹாயிம் என்றே கூப்பிட ஆரம்பித்தாள்.

என் வாய்க்குத்தான் பழக நாளாயிற்று. ஒரே சந்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். பாவாடை கட்டிய நாளிலிருந்து கூப்பிட்ட பெயர். ஒரு தடவை எண்ணெய் தெறித்துக் கை வெந்தபோது "ஃப்ரா" வரைக்கும் வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது. அவன் அம்மா பெயர் மஸாலா. பிரசவத்தில் செத்துப் பிழைத்தாளாம், குழந்தை வெளியே வந்ததும் அப்பாடா என்று வைத்த பெயர். எங்கள் அரபியில் விடிவு என்று அர்த்தம். கல்யாணத்தன்று என் அத்தை, பேர்தான் விடிவு, கட்டிக்கொள்கிறவளுக்கு விடிவே கிடையாது என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அத்தை சொன்னது பொய். எனக்கு அவனோடு நன்றாகத்தான் இருந்தது.

டயாலிசிஸ்காரன் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், அந்த வீட்டில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று. உடம்பிலிருந்து நீர் வெளியே போகாது, அதனால் குடிக்கவும் விட முடியாது. ஒரு சின்ன டீ டம்ளர் வைத்திருந்தேன். மாத்திரைக்கு அதில் பாதி, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அவ்வளவுதான். கோடையில் எங்கள் ஊர் வெயிலில் அவன் நாக்கு அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஐஸ் துண்டு ஒன்றைக் கேட்பான், அதையும் கணக்கில் சேர்ப்பேன். குழாயைத் திறந்தால் அடுத்த அறையிலிருந்து தலையைத் திருப்புவான். உருளைக்கிழங்கு கூடாது, தக்காளி கூடாது, ஆலிவ் கூடாது, உப்பு கூடாது. ஊருக்கெல்லாம் ரொட்டியைப் பொரித்து அதற்குள் இத்தனையையும் திணித்துக் கொடுத்தவன், தன் கடை ஃப்ரிகசேயை ஒரு கடி கடிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் ரத்தம் ஓடாமல் இடது காலை வெட்டி எடுத்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் வலது கால். இந்த வசந்தத்தில் கைவிரல் நுனிகள் கறுக்க ஆரம்பித்தன. கையில் ஊசி போட நரம்பு இல்லை, கழுத்தில் வைத்த குழாய் அடைத்துக்கொண்டது, கடைசியில் தொடை இடுக்கில் வைத்தார்கள். இந்த உடம்பு அதிக நாள் தாங்காது, டயாலிசிஸ் செய்தாலும் மாதக் கணக்குதான் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் முன்பும் இப்படித்தானே மகளை வரச் சொன்னார்?

அந்தச் செவ்வாய்க்கிழமை வேன் டிரைவர் அத்தியா அவனைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்திவிட்டுப் போனான். போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

"கமூனா, போதும்."

"தலையணையா? இன்னொண்ணு வைக்கவா?"

"தலையணை இல்ல. அங்க போறது. போதும்."

 என் வாய் நிற்கவில்லை. "உளறாத, ஹாயிம். நீயா உசுரை விட்டா என்ன ஆகும் தெரியுமில்ல? கல்லறைத் தோட்டத்துல சுவரோரம் புதைப்பாங்க. உங்கப்பா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். உனக்காக யாரும் ஜெபம் சொல்லமாட்டாங்க" என்றேன். நல்ல அடி கொடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அவன் அப்பா என்றால் அவனுக்கு உயிர். 

"ரப்பியைக் கேளு," என்றான். "சுவரோரம்தான்னு அவர் சொல்லிட்டா நான் வாயைத் திறக்கமாட்டேன். போறேன், குத்து வாங்கிக்கிறேன். இல்லைன்னா என்னை விட்டுடு."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ரப்பி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? உயிரைக் காப்பாற்றுவதற்காக, வேலையே செய்யக் கூடாத சபாத் நாளையே மீறச் சொல்கிற மதம் எங்களுடையது. இவன் பெயரை மாற்றி உயிரைக் கொடுத்ததே அவர்தான். கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார், இந்தப் பேச்சு அதோடு முடியும். உடனே போன் செய்தேன்.

மறுநாள் வந்தார். எங்களைவிட வயதில் சின்னவர், செம்பட்டைத் தாடி. என்னை அக்கா என்பார், அவனை அண்ணே என்பார். வந்தவர் பிரசங்கம் பண்ணுவார் என்று பார்த்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேள்விதான் கேட்டார். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, தூங்குகிறீர்களா, சாப்பாடு இறங்குகிறதா. நான் பதில் சொல்லப் போனால் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு மூக்கு விடைத்தது. கடைசியில், உயிர் வெறுத்துப்போச்சா அண்ணே என்று கேட்டார்.

"உயிர் எனக்கு எதுக்கு வெறுக்கணும் ரப்பி?" என்றான் அவன். "ஒரு ஃப்ரிகசே கிடைச்சா இப்பவும் தின்பேன். இவ திட்டுறதைக் கேட்டுக்கிட்டே இன்னும் பத்து வருஷம் கிடப்பேன். குத்துறதுதான் முடியல. மெஷின்ல போட்டா உடம்பு முழுக்க யாரோ முறுக்கிப் பிழியுற மாதிரி இருக்கு. முடிஞ்சு வந்து ஒரு நாள் செத்துக் கிடக்கேன். எழுந்திரிச்சா மறுபடி வேன்."

ரப்பி டாக்டரின் நம்பரை வாங்கிக்கொண்டார். ஜெருசலேமில் இருக்கும் தன் குருவையும் கேட்க வேண்டும் என்றார். வாசல் வரைக்கும் கூடவே போய், கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டுப் போங்களேன் என்றேன். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை அக்கா என்றார். நான் வைத்த காப்பியை அவர் தொடவில்லை.

வியாழக்கிழமை வேன் வந்தது, ஏறினான். ஒரு முணுமுணுப்பு இல்லை. எப்போதும்போல நானும் கூடப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்குக் குழாய் அடைத்துக்கொண்டது. நஸ்ரீன் உள்ளே மருந்தைச் செலுத்தித் தள்ளிப் பார்த்தாள். அவன் கத்திய கத்தில் எதிர் நாற்காலியில் இருந்த கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவழியாக மெஷின் ஓட ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டு, கால் அரிக்கிறது, கொஞ்சம் சொறிந்து விடு என்றான். இல்லாத காலை எங்கே சொறிவது? போர்வையில் கால் இருந்திருக்க வேண்டிய இடத்தைச் சொறிந்தேன்.

"அங்க இல்ல. பெருவிரல்," என்றான்.

பெருவிரல் இருந்திருக்க வேண்டிய இடத்தைச் சொறிந்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவன் அழ ஆரம்பித்தான். சத்தம் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு. கண்ணைத் துடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம்தான், ஹாயிம்" என்றேன். "ம்" என்றான். 

வெள்ளிக்கிழமை மத்தியானம் சபாத்துக்காக மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது ரப்பி வந்தார். அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். படுக்கையறை வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரெண்டு பேரும் கேளுங்க," என்றார். "மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போது குழாயை உருவக் கூடாது. யார் உருவினாலும் அது கொலை. சாவைச் சீக்கிரம் வரவைக்கிற மருந்து எதுவும் கூடாது. வலிக்கு மருந்து குடுக்கலாம். சாப்பாடு, தண்ணி, மூச்சுக்குக் காத்து, இதையெல்லாம் நிறுத்தவே கூடாது. ஆனா ஒரு தடவை டயாலிசிஸ் முடிஞ்சா, அது முடிஞ்சுபோச்சு. அடுத்தது புதுசா ஆரம்பிக்கிறது. நாள் நெருங்கிட்டவர், இவ்வளவு வலியில கிடக்கிறவர், ஆரம்பிக்காதீங்கன்னு கெஞ்சுனா, ஆரம்பிச்சே ஆகணும்னு அவரைப் பிடிச்சு இழுக்க எங்க யாருக்கும் உரிமை இல்ல. எங்க குருவும் அதையேதான் சொன்னார்."

"சுவரோரமா?" என்றான் ஃப்ராஜி.

"இல்ல அண்ணே. உங்கப்பா பக்கத்துல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் எத்தனையோ நாளாகப் பார்க்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி கலங்கிவிட்டது.

"நான் உங்களைக் கூப்பிட்டது கூடாதுன்னு சொல்றதுக்கு," என்றேன். "உசுருன்னு பேர் வச்சது நீங்கதானே ரப்பி? வச்ச வாயாலேயே இப்போ எடுக்கிறீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது, திட்டினேன். ஜெருசலேம் குருவையும் சேர்த்துத் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்.

"பெரியவங்க ஒரு விஷயம் சொல்லி வச்சிருக்காங்க அக்கா. உள்ள ஒருத்தருக்கு உசுர் போற நேரம். வெளிய ஒருத்தன் விறகு வெட்டிக்கிட்டிருக்கான். அந்தச் சத்தத்துல அந்த உசுர் போக முடியாம நிக்குது. அப்போ படுத்திருக்கிறவரோட தலையணையை உருவாத, அது கொலை. ஆனா விறகு வெட்டுறவன்கிட்ட போய் நிறுத்தச் சொல்லலாம்."

"இந்தத் தெருவுல யார் விறகு வெட்டுறா? எல்லார் வீட்லயும் காஸ்தான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஃப்ராஜிதான் கண்ணைத் திறந்து பேசினான்.

"அனுமதி குடுத்தீங்க ரப்பி, புண்ணியமாப் போகும். ஆனா அது என் கையில இல்ல. அவ ஏறுன்னா ஞாயித்துக்கிழமை வேன்ல ஏறுவேன். அவ அழுதுக்கிட்டு நிக்க, நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட முடியுமா?"

ரப்பி போய்விட்டார். நான் அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். மீன் கருகிப்போயிற்று.

சபாத்துக்கு மெய்தல் வந்திருந்தாள். விளக்கேற்றியதும் அப்பாவின் கட்டில் பக்கத்தில் குனிந்து நின்றாள், அவன் கறுத்த விரல்களை அவள் தலையில் வைத்து ஆசீர்வாதம் சொன்னான்.   அவள் சமையலறைக்கு வந்து, அப்பா இத்தனை நாள் யாருக்காகப் போய்க்கொண்டிருந்தார் என்று நினைக்கிறாய் என்று கேட்டாள். தட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அது தெரியாது என்றா நினைத்தாள்? தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் சட்டையை மாட்டிவிட்டேன். அவன் எனக்காகப் போவான் என்கிற தைரியத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மெய்தல் தூங்கப் போனாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஃப்ராஜி தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு நின்று நின்று வந்தது. கொஞ்சம் இழுத்தால் எனக்குப் பயம் வந்துவிடும், "ஹாயிம்" என்பேன். இமை அசையும், மூச்சு திரும்ப வரும். மறுபடி ஆழமாகப் போவான், முகச் சுருக்கம் தளரும், வாய் ஓரம் லேசாகத் திறக்கும். வலியே இல்லாத மாதிரி இருப்பான். எனக்குத் தாங்காது. "ஹாயிம், ஹாயிம், என்ன வேணும்?" என்பேன். பஸ் ஏறப் போனவனைத் தெருமுனையிலிருந்து கூப்பிட்டால் எப்படித் திரும்பி வருவானோ, அப்படித் திரும்பி வந்து கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பான். உடனே வலி வந்துவிடும், பல்லைக் கடிப்பான். "ஒண்ணும் வேண்டாம்" என்பான். இப்படி எத்தனை தடவை கூப்பிட்டேனோ. ஒரு தடவை கூப்பிட வாயைத் திறந்தேன், விறகு வெட்டுகிறவன் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தெருவில் விறகு வெட்டிக்கொண்டிருந்தது யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுந்து குளியலறைக்குப் போய்த் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

அழுதேன் என்பதற்காக முடிவு செய்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல எழுந்து, வழக்கம்போல அவன் வெளியே போகிற சட்டையை எடுத்தேன். ஒரு கையை நுழைத்தேன். அடுத்த கைக்கு நான் சொல்வதற்கு முன்னாலேயே அவன் தூக்கிக் கொடுத்தான். சின்னப் பிள்ளை கொடுக்கிற மாதிரி. தூக்கிய கையைக் கீழே போடாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். நான் சட்டையை நுழைக்கும்வரை. என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று சுவரைப் பார்த்தான்.

வெளியே ஹாரன் அடித்தது. படுக்கையறை ஜன்னல் தெருப்பக்கம். அத்தியா எப்போதும்போல அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"ஹாயிம் அண்ணே, கிளம்பலாமா?"

நான் பொத்தானைப் போடாமல் வெளியே போனேன். வேன் பின்கதவு திறந்திருந்தது, சக்கர நாற்காலியை ஏற்றுகிற பலகையை அவன் இறக்கிக்கொண்டிருந்தான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

"இங்க ஹாயிம்னு யாரும் இல்ல அத்தியா," என்றேன். "இது ஃப்ராஜியோட வீடு."

அத்தியா பக்கத்து ஊரான ரஹாத்தைச் சேர்ந்த பெதூயின் அரபி. என் மிரட்டலுக்குப் பயந்து இரண்டு வருஷமாகப் பழைய பெயரை வாயில் எடுக்காதவன்.  தொப்பியைக் கழற்றினான்.

"அப்போ ஃப்ராஜி அண்ணன்கிட்ட என் சலாமைச் சொல்லிடுங்க அக்கா."

பலகை மேலே ஏறியது. கதவைச் சாத்தினான். வேன் தெருமுனையில் திரும்பும்வரை நின்றேன். ஓடிப் போய் நிறுத்திவிடலாமா என்று இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? கேட்டை விட்டால் ஓடிவிடுவேன் என்றுதான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தேன். அவன் பொத்தான் போடாத சட்டையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு வந்தது?" என்றான்.

"அத்தியா. ஹாயிமைத் தேடி வந்தான். அப்படி யாரும் இல்லன்னு அனுப்பிட்டேன்."

 "நல்ல பய, ஹாயிம்," என்றான். "எனக்காக ரெண்டு வருஷம் குத்து வாங்கினான்."

"ஆமா, ஃப்ராஜி."

 அவன் உதடு கோணிக்கொண்டது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றான்.

சொன்னேன். கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, எத்தனை தடவை என்று இல்லாமல் சொன்னேன். ஃப்ராஜி, ஃப்ராஜி, ஃப்ராஜி. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து. மெய்தல் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அழுது முடித்ததும் அவன் தண்ணீர் கேட்டான். டீ டம்ளரில் வேண்டாம் என்றான். கடையில் அவன் எலுமிச்சை ஜூஸ் குடிக்கிற பெரிய கண்ணாடி மக் பரணில் கிடந்தது. தூசியைக் கழுவி, ஐஸ் போட்டு, விளிம்புவரை ஊற்றினேன். இந்தத் தண்ணீர் எங்கே போகும், என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தவே கூடாது என்று ரப்பி சொல்லியிருந்தார். தாகத்தில் கிடப்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு நான் யாரிடம் போய் அனுமதி கேட்பது? தலையைத் தூக்கிப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முக்கால்வாசி குடித்துவிட்டு, தாடியெல்லாம் சொட்டச் சொட்ட, "அம்மாடி, என்ன ருசி" என்றான். வெறும் குழாய்த் தண்ணீர்.

மத்தியானம் எங்கள் கடைப் பையன்கள் ஃப்ரிகசே கொடுத்து அனுப்பினார்கள். உருளைக்கிழங்கு, ஆலிவ், மிளகாய் விழுது எல்லாம் போட்டது. இரண்டு கடிதான் இறங்கியது. ரொட்டி சரியாகப் பொரியவில்லை, எண்ணெய் காயும் முன்னே போட்டுவிட்டார்கள் என்று குறை சொன்னான். ரொம்ப சந்தோஷமாகக் குறை சொன்னான்.

அதற்கப்புறம் வலிக்கு மருந்து கொடுக்க வீட்டுக்கே ஒரு நர்ஸ் வந்து போனாள். செவ்வாய்க்கிழமை வேன் வரவில்லை. புதன்கிழமை அவன் அதிகம் பேசவில்லை. தூக்கத்தில் மூச்சு இழுத்தது. நான் கூப்பிடவில்லை. இதைச் சொல்வது சுலபம். கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், மூச்சு நிற்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து பார்த்தால்தான் தெரியும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரப்பியும் ஜெபக்கூடத்து ஆட்களும் வந்தார்கள். அவனுக்குப் பதிலாக அவர்களே கடைசி ஜெபத்தைச் சொன்னார்கள். நான் காதருகே குனிந்தேன். போய்ட்டு வா என்று சொல்ல வாய் வந்தது. வேண்டாம், திரும்பி வரச் சொன்னதெல்லாம் போதும் என்று நினைத்தேன்.

"போ, ஃப்ராஜி," என்றேன்.

போய்விட்டான்.

அன்று சாயங்காலம் சபாத் தொடங்குவதற்குள் புதைத்தார்கள். சுவரோரம் இல்லை, நடு வரிசையில், அவன் அப்பாவுக்குப் பக்கத்தில். மாற்றி வைத்த பெயரோடு முப்பது நாள் தாண்டினால் அது ஒட்டிக்கொள்ளும் என்பது சட்டம், அதனால் குழிக்கு முன்னால் நின்று ஹாயிம் ஃப்ராஜி, மஸாலாவின் மகன் என்று இரண்டையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும். ஹாயிமும் அவனோடு பாடுபட்டவன்தான்.

ஆனால் எனக்கு நினைப்பில் நிற்பது அதுவல்ல. அவன் கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் தெருப் பெண்கள் வீட்டுக்குள் வந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் பாத்திரத்தில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட வேண்டும், அது எங்கள் வழக்கம். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தி குளிர்சாதனப் பெட்டியிலிருந்த பாட்டில்களை எடுத்தாள், ஒருத்தி கெட்டிலை, ஒருத்தி அடுப்பின் மேல் இருந்த பானையை. வாளி, குடம், மேசை மேல் மூடி வைத்திருந்த ஜக்கு. அவன் மிச்சம் வைத்த கண்ணாடி மக். எல்லாம் சமையலறைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் கட்டிலில் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிற்கிற மாதிரி இல்லை. அவ்வளவு தண்ணீர் இந்த வீட்டில் இருந்திருக்கிறது.